தரை விலகிய வியாழக்கிழமை

2015-ம் வருடம், ஜனவரி 15. வியாழக்கிழமை. ஸ்விட்சர்லாந்தில் காலை மணி பத்தரை.

கரன்சி வியாபாரிகளின் கம்ப்யூட்டர் திரையில் ஓர் எண் ஏறக்குறைய அசையாமல் நின்றுகொண்டிருந்தது. 1.2010. அதாவது, ஒரு யூரோ வாங்க வேண்டுமானால் 1.2010 ஸ்விஸ் ஃப்ராங்க் தரவேண்டும். முந்தின நாளும் கிட்டத்தட்ட இதே விலைதான். அதற்கு முந்தின வாரமும் இதேதான். பார்த்துக்கொண்டிருந்தால் தூக்கம் வந்துவிடும். அப்படியொரு சாதுவான மார்க்கெட்.

அந்த நேரத்தில் ஸ்விஸ் நேஷனல் பேங்க் ஒரு சின்ன அறிக்கை வெளியிட்டது. நமக்கு ரிசர்வ் வங்கி எப்படியோ, அவர்களுக்கு அது. அறிக்கையின் சாராம்சம் இவ்வளவுதான்: யூரோவின் விலை 1.20 ஃப்ராங்குக்குக் கீழே போக விடமாட்டோம் என்று சொல்லியிருந்தோம் அல்லவா? அந்த ஏற்பாடு இன்றோடு முடிந்தது.

முடிந்ததா! அடுத்த அரைமணி நேரத்துக்குள் திரையில் 1.15, 1.10, 1.05 என்று எண்கள் சரிந்தன. ஒன்றுக்குக் கீழேயும் போயின. சில திரைகளில் 0.85 வரை கண்ணில் பட்டது. பிறகு கொஞ்சம் எழுந்து, சாயங்காலம் 1 ஃப்ராங்கை ஒட்டி வந்து நின்றது. பெரிய நாட்டுக் கரன்சிகளின் உலகத்தில் ஒரு நாளைக்கு ஒரு சதவிகித ஏற்ற இறக்கம் என்பதே பேசப்படுகிற விஷயம். இது அரைமணியில் முப்பது சதவிகிதத்துக்குப் பக்கம்!

அன்றைக்கு அடிவாங்கியவர்களில் பெரிய பேங்குகள் உண்டு. கோடீஸ்வர ஃபண்டுகள் உண்டு. அவர்களை விடுங்கள். பகலில் ஆபீஸ், ராத்திரியில் வீட்டுக் கம்ப்யூட்டரில் கொஞ்சம் 'ஃபாரெக்ஸ்' என்று இருந்த சாதாரண ஜனங்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களுக்குச் சேமிப்பு போனது என்பது பாதிக்கதைதான். இரண்டாயிரம் யூரோ போட்டு ஆரம்பித்த ஓர் ஆள், அன்று மதியச் சாப்பாட்டு வேளைக்குள் முப்பத்தேழாயிரம் ஃப்ராங்க் கடன்காரராக ஆகியிருக்க முடியும்.

போட்டதுதானே போகும்? போடாததும் எப்படிப் போகும்?

அதைப் புரிந்துகொள்ள, இந்த வியாபாரத்தின் அரிச்சுவடியைக் கொஞ்சம் புரட்டவேண்டும்.

கரன்சியைத் தனியாக வாங்க முடியாது. எப்போதும் ஜோடிதான். யூரோவை வாங்குகிறீர்கள் என்றால் ஃப்ராங்கையோ டாலரையோ யென்னையோ கொடுத்துத்தான் வாங்குகிறீர்கள். ஆக, ஒன்றை வாங்கும்போதே இன்னொன்றை விற்றுவிட்டீர்கள். யூரோ/ஃப்ராங்க் ஜோடியை வாங்கினால், யூரோ ஏறும், ஃப்ராங்க் இறங்கும் என்று பந்தயம் கட்டியதாக அர்த்தம்.

இதற்கு ஷேர் மார்க்கெட் மாதிரி மணியடித்துத் திறக்கிற ஒரு கட்டடம் கிடையாது. பேங்குகளும் தரகர்களும் தங்களுக்குள் விலை பேசிக்கொள்கிற ஒரு வலைப்பின்னல்தான் மார்க்கெட். திங்கட்கிழமை காலை நியூசிலாந்தில் விடியும்போது ஆரம்பித்தால், டோக்கியோ, லண்டன் என்று சுற்றி, நியூயார்க்கில் வெள்ளி சாயங்காலம் கடைசாத்தும்வரை நிற்காது. சர்வதேசத் தீர்வு வங்கி மூன்று வருடத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும். 2025 ஏப்ரல் கணக்கின்படி ஒரு நாளைக்குக் கைமாறுகிற தொகை 9.6 லட்சம் கோடி டாலர். ஆமாம், ஒரே நாளைக்கு.

இவ்வளவு பெரிய கடலில் விலை அசைவதோ எறும்பு ஊர்கிற மாதிரி. 1.2010 என்ற விலையில் தசமப் புள்ளிக்குப் பின்னால் நாலாவது இடம் இருக்கிறதே, அதில் ஒன்று கூடினால் அதற்கு ஒரு 'பிப்' என்று பெயர். உங்களிடம் 2,000 யூரோதான் இருக்கிறது என்றால் ஒரு பிப்புக்கு 20 காசு கிடைக்கும். நாள் முழுக்க உட்கார்ந்து டீச்செலவுக்குத் தேறாது.

இங்கேதான் தரகர் கையைப் பிடிக்கிறார். 'உங்க பணத்தை முன்பணமா வெச்சுக்கறேன் சார். நூறு மடங்குக்கு வியாபாரம் பண்ணுங்க.' முன்பணத்துக்குப் பெயர் மார்ஜின். நூறு மடங்குக்குப் பெயர் லெவரேஜ். இப்போது நீங்கள் 2 லட்சம் யூரோவுக்குச் சொந்தக்காரர், அதாவது அதன் லாப நஷ்டத்துக்கு. ஒரு பிப்புக்கு 20 ஃப்ராங்க். ஐம்பது பிப் ஏறினால் ஆயிரம் ஃப்ராங்க். உட்கார்ந்த இடத்தில்!

அதே கணக்கை மறுபக்கமும் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு சதவிகிதம் எதிர்த்திசையில் போனால் உங்கள் இரண்டாயிரமும் காலி. பாட்டன் சொத்தை வைத்துச் சூதாடியவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இதில் அடுத்தவர் பாட்டன் சொத்தையும் சேர்த்து வைத்தல்லவா ஆடச் சொல்கிறார்கள்!

'பயப்படாதீங்க, ஸ்டாப் லாஸ் இருக்கே' என்பார் தரகர். விலை இன்ன இடத்துக்கு இறங்கினால் தானாக விற்றுவிடு என்று முன்கூட்டியே சொல்லிவைக்கிற ஏற்பாடு. புதிதாக வருகிற எல்லோருக்கும் முதல் பாடமாக இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவோம்.

இந்த விளையாட்டே நம் தாத்தாக்கள் காலத்தில் கிடையாது. இரண்டாம் உலகப்போர் முடிகிற சமயத்தில், 1944-ல், பிரெட்டன் வுட்ஸ் என்ற அமெரிக்க ஊரில் 44 நாடுகளின் பிரதிநிதிகள் உட்கார்ந்து, கரன்சிகளின் விலையை டாலரோடு சேர்த்துக் கட்டிவைத்தார்கள். டாலரைத் தங்கத்தோடு கட்டினார்கள். 1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் அந்தத் தங்க முடிச்சை அவிழ்த்தார். 1973-ல் பெரிய கரன்சிகள் எல்லாம் கட்டறுந்து மிதக்க ஆரம்பித்தன. விலை மாறினால்தானே பந்தயம்? மாற ஆரம்பித்தது.

ஆனாலும் அடுத்த இருபத்தைந்து வருடம் அது பேங்குகளுக்கும் பெரிய கம்பெனிகளுக்குமான மைதானம்தான். 1990-களின் கடைசியில் இன்டர்நெட் வந்தது. ரஷ்யாவின் கசான் நகரத்தில் 1998-ல் அல்பாரி என்று ஒரு தரகு நிறுவனம். 1999-ல் நியூயார்க்கில் எஃப்.எக்ஸ்.சி.எம். என்று இன்னொன்று. இந்த இரண்டு பெயர்களையும் மனசில் வையுங்கள். கிரெடிட் கார்டும் கம்ப்யூட்டரும் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்று கதவைத் திறந்துவிட்டவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள். ஜப்பானில் இதே காலத்தில் குடும்பத்தலைவிகள் வீட்டுச்செலவில் மிச்சம் பிடித்த பணத்தோடு கூட்டம் கூட்டமாகக் களத்தில் இறங்கினார்கள். 'மிஸஸ் வாடனாபே' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. யாரோ ஒரு தனிப்பட்ட பெண்மணி இல்லை. வாடனாபே அங்கே நம்மூர் முருகேசன் மாதிரி சர்வசாதாரணமான பெயர்.

சரி, ஸ்விட்சர்லாந்துக்கு வருவோம்.

உலகத்தில் எங்கே எது வெடித்தாலும் பணக்காரர்கள் முதலில் ஓடுகிற இடம் அது. யுத்தத்தில் சேராத நாடு, கமுக்கமான பேங்குகள், கட்டுக்கோப்பான அரசாங்கம். எல்லோரும் ஃப்ராங்க் வாங்கினால் ஃப்ராங்கின் விலை ஏறும். ஏறட்டுமே, நல்லதுதானே என்று தோன்றும். ம்ஹும். ஸ்விட்சர்லாந்து கடிகாரம், மருந்து, மெஷின் என்று வெளிநாட்டுக்கு விற்றுப் பிழைக்கிற தேசம். ஃப்ராங்க் ஏறினால் அவர்கள் சரக்கின் விலை வெளிநாட்டுக்காரனுக்கு ஏறிவிடும். வாங்கமாட்டான்.

1970-களிலேயே இந்தத் தலைவலி வந்திருக்கிறது. அப்போது அவர்கள் செய்த வைத்தியம் கொஞ்சம் வேடிக்கையானது. வெளிநாட்டுக்காரர்கள் ஃப்ராங்கில் பணம் போட்டால் வட்டி கிடையாது. மாறாக, போட்டவர்தான் பேங்குக்குத் தரவேண்டும்! 1978-ல் அது மூன்று மாதத்துக்கு 10 சதவிகிதம் வரை போனது. வருடத்துக்கு நாற்பது. அப்படியும் கூட்டம் நிற்கவில்லை. கடைசியில் அந்த வருடம் அக்டோபரில் ஜெர்மன் மார்க்குக்கு ஒரு தரை விலை அறிவித்துத்தான் சமாளித்தார்கள். அடுத்த சில வருடங்களில் விலைவாசி எகிறியது, அது வேறு கதை.

2007-ல் ஒரு யூரோவுக்கு 1.65 ஃப்ராங்குக்கும் மேல் இருந்தது. அமெரிக்காவில் பேங்குகள் கவிழ்ந்தன. பிறகு கிரீஸ் திவாலாகும் நிலைக்கு வந்து யூரோவே ஆடியது. எல்லோரும் ஃப்ராங்குக்கு ஓடினார்கள். 2011 ஆகஸ்டில் யூரோவும் ஃப்ராங்கும் கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று. கடிகாரக் கம்பெனிகள் கதறின.

2011 செப்டம்பர் 6. ஸ்விஸ் நேஷனல் பேங்க் பழைய மருந்தை மறுபடி எடுத்தது. இனி ஒரு யூரோ 1.20 ஃப்ராங்குக்குக் கீழே இறங்காது. இறங்க விடமாட்டோம். எவ்வளவு யூரோ வந்தாலும் அந்த விலைக்கு நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். அளவே கிடையாது.

இந்த இடத்தில் ஒரு குட்டி உபகதை. அறிவிப்பு வருவதற்கு மூன்று வாரம் முன்னால், அந்த வங்கியின் தலைவர் ஃபிலிப் ஹில்டபிராண்டின் மனைவி சுமார் 5 லட்சம் டாலர் வாங்கியிருந்தார். தரை விலை அறிவித்ததும் ஃப்ராங்க் இறங்கியது, டாலர் ஏறியது. விஷயம் வெளியே வந்து நாடே கொந்தளித்தது. எனக்குத் தெரியாமல் நடந்தது என்றார் தலைவர். வங்கி வைத்த விசாரணையில் விதிமீறல் எதுவும் அகப்படவில்லை. ஆனாலும் தனக்குத் தெரியாது என்பதை அவரால் முழுக்க நிரூபிக்க முடியாத நிலையில், 2012 ஜனவரியில் ராஜினாமா செய்தார். அவருக்குப் பின் வந்தவர் தாமஸ் ஜோர்டன்.

தரை விலையோ ஜம்மென்று நின்றது. ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம். 1.20-ஐ நெருங்கும், எழும். நெருங்கும், எழும்.

இதைப் பார்த்த வியாபாரிகளின் மூளையில் ஒரு கணக்கு ஓடியது. 1.2010-ல் வாங்கு. 1.1990-ல் ஸ்டாப் லாஸ் வை. தோற்றால் இருபது பிப். ஜெயித்தாலோ ஐம்பது, நூறு, இருநூறு, யார் கண்டது? அதிலும் தோற்கவே வாய்ப்பில்லை. ஏனென்றால் கீழே தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு மத்திய வங்கி!

ஏமாளித்தனமான கணக்கு என்று சிரிக்காதீர்கள். நிஜமாகவே புத்திசாலித்தனமான கணக்கு அது. பெரிய படிப்பு படித்தவர்கள் போட்ட கணக்கு.

மத்திய வங்கி தோற்காதா என்று கேட்டால், உடனே 1992-ஐச் சொல்வார்கள். அந்த வருடம் செப்டம்பர் 16, புதன்கிழமை. பிரிட்டிஷ் பவுண்டை ஒரு குறிப்பிட்ட விலைக்குக் கீழே விடமாட்டோம் என்று இங்கிலாந்து பிடிவாதம் பிடித்தது. முடியாது என்று ஜார்ஜ் சோரஸ் என்ற ஃபண்டு ஆசாமி பந்தயம் கட்டினார். ஒரே நாளில் வட்டியை 10-லிருந்து 12, நாளை முதல் 15 என்று ஏற்றிப் பார்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. அன்று ராத்திரியே பிரிட்டன் கைவிட்டது. சோரஸுக்குச் சுமார் 100 கோடி டாலர் லாபம்.

ஆனால், ஸ்விஸ் கதை நேர் எதிர். கவனியுங்கள். பவுண்டைத் தாங்க வேண்டுமானால் இங்கிலாந்து தன்னிடம் இருந்த வெளிநாட்டுப் பணத்தைக் கொடுத்துப் பவுண்டை வாங்க வேண்டும். அந்தக் கையிருப்பு தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. ஸ்விட்சர்லாந்து செய்யவேண்டியதோ ஃப்ராங்கைக் கொடுத்து யூரோ வாங்குவது. ஃப்ராங்கை அச்சடிப்பவரே அவர்தான்! தீரவே தீராது. ஆகவே இந்தத் தரையை யாராலும் உடைக்க முடியாது என்றார்கள்.

சரிதான். யாராலும் உடைக்க முடியவில்லை. கடைசிவரை. அதைக் கட்டியவரே ஒரு நாள் காலையில் வந்து, எனக்கு இது வேண்டாம் என்று பெயர்த்து எடுத்துக்கொண்டு போவார் என்பதைத்தான் கணக்கில் சேர்க்கவில்லை. முடியாமல் போவது வேறு, வேண்டாம் என்று முடிவெடுப்பது வேறு இல்லையா?

ஏன் வேண்டாம் என்றார்கள்? 2014 கடைசியில் வங்கியிடம் கிட்டத்தட்ட ஐம்பதாயிரம் கோடி ஃப்ராங்க் மதிப்புக்கு வெளிநாட்டுக் கரன்சி சேர்ந்திருந்தது. நாட்டின் வருட உற்பத்தியில் முக்கால்வாசிக்கும் மேல். யூரோ டாலருக்கு எதிராக இறங்கிக்கொண்டே இருந்தது. போதாக்குறைக்கு, ஐரோப்பிய மத்திய வங்கி யூரோவை வண்டி வண்டியாக அச்சடித்து இறக்கப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. நிஜமாகவே 2015 ஜனவரி 22 அன்று அறிவித்தார்கள். அந்த வெள்ளம் வந்தால் இன்னும் எத்தனை ஆயிரம் கோடிக்கு வாங்குவது?

இதில் நெஞ்சைத் தொடுகிற ஒரு சங்கதி உண்டு. ஜனவரி 12, திங்கட்கிழமை. அதாவது மூன்றே நாள் முன்னால். வங்கியின் துணைத்தலைவர் ழான் பியேர் டான்தின் டெலிவிஷன் பேட்டியில், இந்தத் தரை விலைதான் நம் கொள்கையின் மூலைக்கல், அது நீடிக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார். வியாழக்கிழமை நிருபர்கள் சூழ்ந்துகொண்டபோது, இப்படிப்பட்ட முடிவை மார்க்கெட் எதிர்பாராத நேரத்தில்தான் எடுக்க முடியும் என்று விளக்கம் தந்தார் ஜோர்டன். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. நாளைக்குத் தரையை எடுக்கப்போகிறோம் என்று இன்றைக்குச் சொன்னால் எல்லோரும் இன்றைக்கே யூரோவை அவர் தலையில் கொட்டிவிடுவார்கள். ஐ.எம்.எஃப். தலைவியாக இருந்த கிறிஸ்டின் லகார்டுக்கே முன்கூட்டிச் சொல்லவில்லை. அவருக்கே தெரியாதது ராத்திரி பத்து மணிக்கு லேப்டாப் திறக்கிற ஆசாமிக்கு எப்படித் தெரியும்?

இப்போது நம் இரண்டாயிரம் யூரோ ஆளிடம் வருவோம். கற்பனை ஆள்தான். கணக்கு மட்டும் நிஜம்.

நூறு மடங்கு. 2 லட்சம் யூரோ. வாங்கியது 1.2010-ல். ஸ்டாப் லாஸ் 1.1990-ல். அதிகபட்ச நஷ்டம் இருபது பிப், 400 ஃப்ராங்க். போனால் போகிறது என்று தைரியமாக இருந்தார்.

1.1990 வந்ததும் கம்ப்யூட்டர் அவர் சொன்னபடியே விற்கக் கிளம்பியது. ஆனால் விற்க வேண்டுமானால் எதிரே வாங்க ஓர் ஆள் வேண்டுமே! பேங்குகள் எல்லாம் விலை சொல்வதை நிறுத்திவிட்டன. என்ன விலை என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் எவன் வாங்குவான்? வாங்க ஆள் கிடைத்த இடத்தில் விற்றது கம்ப்யூட்டர். 1.00-ல் என்று வைத்துக்கொள்வோம். 2,010 பிப் நஷ்டம். ஒரு பிப்புக்கு 20 ஃப்ராங்க். 40,200 ஃப்ராங்க். அவர் போட்டு வைத்திருந்தது சுமார் 2,400 ஃப்ராங்க். மீதி முப்பத்தேழாயிரத்துச் சொச்சம் பாக்கி.

ஸ்டாப் லாஸ் என்பது ஒரு வேண்டுகோள். இந்த விலைக்கு வந்தால் விற்கப் பார் என்பதோடு அதன் வேலை முடிந்தது. இந்த விலைக்குத்தான் விற்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. யார் படித்தார்கள்?

தரகர்கள் கதி என்ன ஆயிற்று? வாடிக்கையாளர் ஒருபக்கம், பெரிய பேங்க் மறுபக்கம், தரகர் நடுவில். பேங்குக்குத் தரவேண்டியதைத் தரகர் தந்தாக வேண்டும். வாடிக்கையாளர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். எஃப்.எக்ஸ்.சி.எம். அன்று அறிவித்தது: எங்கள் வாடிக்கையாளர்கள் எங்களுக்குத் தரவேண்டிய பாக்கி 22.5 கோடி டாலர். மறுநாளே லூகேடியா என்ற நிறுவனத்திடம் 30 கோடி டாலர் கடன் வாங்கி உயிர் பிழைத்தது. ஆரம்ப வட்டியே 10 சதவிகிதம். அதன் ஷேர் சில நாட்களிலேயே மதிப்பில் பெரும்பகுதியை இழந்தது. வாடிக்கையாளர் பாக்கியில் பெரும்பகுதியைப் பிறகு தள்ளுபடி செய்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

அல்பாரியின் லண்டன் நிறுவனத்துக்கு அந்த அதிர்ஷ்டம்கூட இல்லை. வெஸ்ட் ஹாம் கால்பந்து அணி வீரர்களின் நெஞ்சில் அதன் பெயர்தான் அச்சடித்திருக்கும். வாராவாரம் டெலிவிஷனில் லட்சக்கணக்கானவர்கள் பார்த்த பெயர். வெள்ளிக்கிழமை காலை திவால் அறிவிப்பு வந்தது. அமெரிக்காவில் மயாமி நகரத்தில் எவரெஸ்ட் கேபிடல் என்ற நிறுவனம், ஃப்ராங்க் இறங்கும் என்று பந்தயம் கட்டியிருந்த தன் 83 கோடி டாலர் ஃபண்டை இழுத்து மூடியது. இவர்கள் கத்துக்குட்டிகள் இல்லை.

ஸ்விட்சர்லாந்திலேயே ஷேர் மார்க்கெட் அன்று சுமார் 9 சதவிகிதம் விழுந்தது. ஸ்வாட்ச் கடிகாரக் கம்பெனியின் தலைவர் நிக் ஹேயக், இது சுனாமி என்றார். வங்கியே 2015 கணக்கை முடித்தபோது 2,330 கோடி ஃப்ராங்க் நஷ்டம் காட்டியது. மத்திய வங்கிக்கென்ன, தாங்கும்.

தாங்கமுடியாத இன்னொரு கூட்டம் போலந்தில் இருந்தது. அவர்கள் கரன்சி வியாபாரம் என்றால் என்ன என்றே தெரியாதவர்கள். ஃப்ராங்கில் வாங்கினால் வட்டி குறைவு என்று 2000-களில் பேங்குகள் சொன்னதைக் கேட்டு, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஸ்விஸ் ஃப்ராங்கில் வீட்டுக்கடன் வாங்கியிருந்தன. சம்பளம் ஸ்லோட்டியில், கடன் ஃப்ராங்கில். அப்படிக் கையெழுத்துப் போட்ட அன்றே அவர்களும் ஃப்ராங்க் ஏறாது என்று முப்பது வருடப் பந்தயம் கட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். மூன்றரை ஸ்லோட்டியை ஒட்டியிருந்த ஃப்ராங்க் அந்த வியாழக்கிழமை நாலைத் தாண்டியது. ஹங்கேரி மட்டும் தப்பியது. இரண்டு மாதம் முன்னால்தான், 2014 நவம்பரில், இந்த மாதிரிக் கடன்களை உள்ளூர்ப் பணத்துக்கு மாற்ற விலை நிர்ணயித்திருந்தார்கள். சிலருக்கு நேரம் அப்படி அமைந்துவிடுகிறது.

அரசாங்கங்கள் வழக்கம்போல வெள்ளம் வடிந்தபிறகு கரை கட்டின. ஜப்பான் மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே விழித்துக்கொண்டது. 2010-ல் லெவரேஜை 50 மடங்கு, 2011-ல் 25 மடங்கு என்று குறைத்திருந்தார்கள். ஐரோப்பாவில் 2018 ஆகஸ்டிலிருந்து சாதாரண வாடிக்கையாளருக்கு 30 மடங்குக்கு மேல் கிடையாது. போட்ட பணத்துக்கு மேல் நஷ்டத்தை வசூலிக்கவும் கூடாது. விளம்பரத்திலேயே, எங்கள் வாடிக்கையாளர்களில் இத்தனை சதவிகிதம் பேர் நஷ்டப்படுகிறார்கள் என்று தரகர்கள் போட்டாக வேண்டும். அந்த விதியைக் கொண்டுவந்தபோது அதிகாரிகள் தந்த புள்ளிவிவரம்: நஷ்டத்தில் முடிகிற சில்லறைக் கணக்குகள் 74 முதல் 89 சதவிகிதம். சாதாரண நாட்களில். ஸ்விஸ் வியாழக்கிழமைகளில் இல்லை.

எஃப்.எக்ஸ்.சி.எம். கதைக்கு இன்னோர் அத்தியாயம் உண்டு. நாங்கள் வெறும் இடைத்தரகர்கள், உங்களுக்கு எதிராக ஆடுவதில்லை என்பதுதான் அதன் விளம்பரம். 2017 பிப்ரவரியில் அமெரிக்கக் கண்காணிப்பு அமைப்பு ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னது. வாடிக்கையாளர்களுக்கு எதிர்ப்பக்கம் நின்று வியாபாரம் செய்த முக்கியமான ஒரு நிறுவனத்தோடு அதற்கு ரகசிய உறவு இருந்தது. 70 லட்சம் டாலர் அபராதம். அமெரிக்கச் சந்தையை விட்டே வெளியேறியது. பரமபதம் ஆடும்போது எதிராளி தாயக்கட்டையும் தானே செய்துகொண்டு வந்தால் எப்படி இருக்கும்?

நம்மூரில் என்ன நிலவரம்? வெளிநாட்டு வெப்சைட்டில் கணக்குத் திறந்து யூரோ, ஃப்ராங்க் என்று ஆடுவது இந்தியாவில் குடியிருப்பவர்களுக்குச் சட்டவிரோதம். அந்நியச் செலாவணிச் சட்டப்படி அதற்கு மார்ஜின் பணம் அனுப்பவே முடியாது. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் 34 பெயர்களோடு ஓர் எச்சரிக்கைப் பட்டியல் வெளியிட்டது. பிறகு அது நீண்டுகொண்டே போனது. சட்டப்படி உள்ள வழி, 2008 ஆகஸ்டில் நேஷனல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் ஆரம்பித்த கரன்சி ஃப்யூச்சர்ஸ். அதிலும் ரூபாய் சம்பந்தப்பட்ட ஒப்பந்தங்களுக்கு, ஏற்றுமதி இறக்குமதி மாதிரி நிஜமான தேவை உள்ளவராக இருக்க வேண்டும் என்று 2024-ல் ரிசர்வ் வங்கி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் செல்போனைத் திறந்தால், கடற்கரையில் நின்றுகொண்டு 'ஃபாரெக்ஸ் கத்துக்கறீங்களா?' என்று ஒரு கண்ணாடிக்காரத் தம்பி கேட்பது நின்றபாடில்லை.

அந்த 1.20 என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2018 ஏப்ரலில், மூன்று வருடம் மூன்று மாதம் கழித்து, யூரோ மறுபடி ஏறி வந்து சரியாக 1.20 ஃப்ராங்கைத் தொட்டது. யூரோ அந்த விலைக்குத் திரும்பும் என்று பந்தயம் கட்டியவர்கள் சொன்னது நடந்துவிட்டது. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அப்போது கணக்கே இருந்திருக்காது. தொட்ட யூரோ அங்கே நிற்கவும் இல்லை. 2022-ல் ஒரு ஃப்ராங்குக்கும் கீழே போய்விட்டது.